பொன்னியக்கா யாரையும் நம்பமாட்டாள்

கேஸ் சிலிண்டர் வந்தால் அதைத் தூக்கிப் பார்த்து, ஆட்டிப் பார்த்து, மூடி மேல் இருக்கும் சீலை நகத்தால் சுரண்டிப் பார்த்த பிறகுதான் பொன்னியக்கா வீட்டுக்குள் விடுவாள். ரேஷன் கடையில் தராசுத் தட்டுக்கு அடியில் குனிந்து பார்ப்பாள். எங்கள் சர்ச்சுக்கு ஒருமுறை இலவசமாகக் கண் பார்க்க வந்தார்கள். காலனியே வரிசையில் நின்றது. இவள் மட்டும், சும்மா எவன் கண்ணைப் பார்ப்பான், அதிலிருந்து என்னத்தை எடுக்கிறானோ என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் அவளுக்கு அடுத்த வீடு, பெயர் ஹெலன். மறைமலைநகரில் ஒரு கார் கம்பெனி கேன்டீனில் வேலை. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர்தான். மீன் குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் கொடுப்பேன். கோவளத்து மீனா, சதுரங்கப்பட்டினத்து மீனா, எத்தனை மணிக்கு வாங்கினாய், ஐஸில் இருந்ததா என்று அவள் விசாரித்து முடிப்பதற்குள் குழம்பு ஆறிவிடும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "உனுக்கு வெசம் வெக்கணும்னா வஞ்சிரத்த வாங்கி ஏன்க்கா வேஸ்ட் பண்ணப்போறேன்" என்று ஒருநாள் கேட்டே விட்டேன். சிரித்தாள். ஆனால் மீன் எந்த ஊர் என்று தெரிந்த பிறகுதான் சாப்பிட்டாள்.

எல்லாம் காரணத்தோடு வந்த புத்தி. அவளுடைய அப்பா யார் யார் கழனியிலோ கூலிக்கு உழைத்து, கடைசியில் கிடைத்த ஒரு துண்டு மனையையும் கைநாட்டு வைத்து ஏமாந்தவர். அந்த மனைமேல் இப்போது மூன்று மாடி நிற்கிறது. ஓ.எம்.ஆரில் ஒரு ஐ.டி. கட்டடத்தில் அக்கா ஹவுஸ்கீப்பிங் வேலை பார்க்கிறாள். பாத்ரூம் கழுவுவது, கண்ணாடி துடைப்பது. அங்கே யாருடைய செல்போனோ காணாமல் போனபோது முதலில் சோதனை போட்டது இவளுடைய டிபன் பையைத்தான். போன், அதைத் தொலைத்த பையனின் காரிலேயே கிடந்தது. ஒரு சாரி கூட எவனும் சொல்லவில்லை.

எங்கள் காலனி, திருப்போரூரிலிருந்து செங்கல்பட்டு போகிற ரோட்டில் உள்ளே தள்ளி, ஏரி ஓரமாக இருக்கிறது. ஏரிக்கு அந்தப் பக்கம் வண்டி போல்ட்டுக்கும் கொக்கிக்கும் முலாம் பூசுகிற கம்பெனி ஒன்று வந்தது. முலாம் கம்பெனி என்றுதான் சொல்வோம். அது வந்த சில வருஷத்தில் எங்கள் போர் தண்ணீரின் மேல் ஒரு ஏடு படிய ஆரம்பித்தது. சோறு வடித்தால் வெளிர்மஞ்சளாக இருக்கும். வாயில் வைத்தால் சில்லறைக் காசைச் சப்பினது போல ஒரு ருசி. குடித்தோம். வேறு என்னத்தைக் குடிப்பது? கேன் தண்ணீர் வாங்குகிற வீடு எங்கள் தெருவில் ஒன்றோ இரண்டோதான்.

அக்காவின் வீட்டுக்காரர் வாசுதேவன். வாசு அண்ணன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். மாமல்லபுரம் போகிற ஈ.சி.ஆரில் ஒரு ரிசார்ட்டில் தோட்டவேலை. மனைவி உலகத்தையே சந்தேகப்படுவாள் என்றால் இவர் நேர் எதிர். வழியில் போகிறவன் நான் உன் சித்தப்பன் மகன் என்றால் வீட்டுக்குக் கூட்டிவந்து சோறு போடுவார். ரிசார்ட்டில் ஐஸ் போட்ட நல்ல தண்ணீர் கொடுத்தாலும், வீட்டுக்கு வந்து செம்பு நிறைய போர் தண்ணீர் குடித்தால்தான் அவருக்குத் தாகம் அடங்கும். முதலில் இடுப்பில் வலி என்றார். பிறகு காலையில் முகம் வீங்கியது. சிறுநீர் நுரை நுரையாகப் போனது. செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் இரண்டு கிட்னியும் போய்விட்டது என்று சொன்னபோது அவருக்கு ஐம்பது கூட ஆகவில்லை. அன்றிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் பஸ் ஏறிப்போய் டயாலிசிஸ். தெருவில் இன்னும் நாலைந்து பேருக்கு அதே நுரை, அதே வீக்கம் தொடங்கியிருந்தது.

அக்கா அன்றைக்கே சொல்லிவிட்டாள், தண்ணீர்தான் என்று. புகார் கொடுத்தோம். சோதனைக்கு ஆட்கள் வரப்போகிறார்கள் என்று தகவல் வந்தது. அவர்கள் வருவதற்கு முந்தின நாள், ஆடித் திருவிழாவுக்கு ஸ்பெஷல் சப்ளை என்று சொல்லி ஒரு டேங்கர் லாரி வந்து எங்கள் மேல்நிலைத் தொட்டியை நிரப்பிவிட்டுப் போனது. என் ஜென்மத்தில் ஆடிக்கு எங்களுக்கு எவனும் தண்ணீர் விட்டதில்லை. மறுநாள் குழாயில் பிடித்துப் போனார்கள். குடிக்கத் தகுந்த தண்ணீர் என்று முடிவு வந்தது. லாரியை யார் அனுப்பினார்கள் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பெயரைச் சொன்னார்கள். அதற்குப் பிறகு பொன்னியக்காவின் சந்தேகத்தை எங்கள் தெருவில் யாரும் கேலி செய்யவில்லை.

செங்கல்பட்டு வக்கீல் கிருபாகரன் எங்களுக்குக் கிடைத்தது அந்த நேரத்தில்தான். சின்ன வயசு, ஃபீஸ் வாங்காமல் வாதாடினார். பசுமைத் தீர்ப்பாயத்தில் கேஸ் போட்டார். முதல் மனுதாரர் பொன்னியக்கா. வாசு அண்ணனுக்கு மட்டும் இல்லை, தெரு முழுக்க எல்லோருக்கும் கம்பெனி செலவில் வைத்தியம் வேண்டும், நஷ்ட ஈடு வேண்டும், அந்தக் கழிவை நிறுத்த வேண்டும் என்று கேட்டோம். அவரிடமும் அக்கா முதல் நாளே, ஃபீஸ் இல்லாமல் ஒரு வக்கீல் வருகிறார் என்றால் ஃபீஸ் வேறு பக்கமிருந்து வருகிறதா என்று முகத்துக்கு நேரே கேட்டாள். எனக்கு மானம் போனது. அவர் நல்ல மனுஷன், சிரித்துக்கொண்டார்.

தீர்ப்பாயம் ஒரு குழு போட்டு, தண்ணீரை மறுபடி எடுத்துச் சோதிக்கச் சொன்னது. சென்னை லேபிலிருந்து ஸ்ரீதேவி என்று ஒரு பெண் வந்தது. ஜீப், கூட இரண்டு உதவியாளர்கள், ஒரு பெட்டி நிறைய வெள்ளைப் பிளாஸ்டிக் பாட்டில். முதலில் ஏரியையும் கம்பெனி வேலியையும் பார்த்துவிட்டு வருகிறோம், ஜீப்பில் வெயில் ஏறுகிறது, பெட்டி கொஞ்ச நேரம் நிழலில் இருக்கட்டும் என்று அந்தப் பெண் பொன்னியக்காவின் வீட்டில் வைத்தது. பார்த்துக்கொள்ளுங்கள் என்று என்னிடமும் சொல்லிவிட்டுப் போனது. நான் உட்கார்ந்தேன். என் வீட்டில் குக்கர் விசில் மேல் விசிலாக அடித்தது. போய் இறக்கி வைத்து, பருப்பைத் தாளித்து, சமையலையே முடித்துவிட்டு வந்தேன். அவர்கள் திரும்பி வந்து, வீட்டுக் குழாய், தெருக் குழாய், போர் என்று எல்லா இடத்திலும் பிடித்து, சீல் வைத்தார்கள். அந்தப் பெட்டிக்கு ஒரு கை கொடுத்து ஜீப்பில் ஏற்றினவள் நான்தான். வேண்டாத வேலை.

முடிவு வந்தது. எல்லாப் பாட்டிலிலும் காட்மியம் அனுமதித்த அளவுக்குக் குறைவு. அந்தப் பெயரை அதற்குள் எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைகூடச் சரியாகச் சொல்லும். முலாம் பூச அதைத்தான் பயன்படுத்துகிறார்கள் என்று கிருபாகரன் சொல்லியிருந்தார். கம்பெனி வக்கீல், தண்ணீரில் ஒன்றுமில்லை, இது அவர்களுடைய பழக்க வழக்கத்தால் வந்த வியாதி என்று வாதாடினாராம். பழக்க வழக்கமாம். பச்சைத் தண்ணீரைத் தவிர வேறு ஒரு பழக்கமும் இல்லாத மனுஷன் வாசு அண்ணன்.

அதற்குப் பிறகு எங்கள் தெரு நாறிப்போனது. நேற்றுவரை ஒன்றாக உட்கார்ந்து பூ கட்டியவர்கள் ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்தார்கள். பஞ்சாயத்துக் குழாய் ஆபரேட்டர் பூபாலன் புதிதாக ஒரு வண்டி எடுத்தார், போயிற்று, அவர் கம்பெனி ஆள் ஆகிவிட்டார். தெருக்கோடி லோகநாயகியின் மகளுக்கு எங்கோ வேலை கிடைத்தது, அதற்கும் ஒரு கதை. பொன்னியே கம்பெனியோடு ரகசியமாகப் பேசி முடித்திருப்பாள் என்றுகூட ஒரு பேச்சு வந்தது. நான் அதைச் சொன்னவளிடம் சண்டைக்குப் போனேன்.

அப்படிச் சண்டை போட்டு வந்த என்னைத்தான் மறுநாள் தெருக் குழாயடியில், அத்தனை பேர் முன்னால், அக்கா பிடித்துக்கொண்டாள். உன் கார் கம்பெனிக்குப் போல்ட்டு எங்கிருந்து வருகிறது, இந்த முலாம் கம்பெனியிலிருந்துதானே என்றாள். உண்மைதான், எனக்கே அது அப்போதுதான் உறைத்தது.

"பெட்டிய ஜீப்புல ஏத்துனது யாரு? நீதான? எங்கூட்ல இருந்தவரைக்கும் அது ஒயுங்காதான் இருந்துச்சு. எத்தினி பாட்டில மாத்துன, சொல்லு."

எனக்கு அழுகைதான் வந்தது. குடத்தை அங்கேயே போட்டுவிட்டு வந்துவிட்டேன். கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து மறைமலைநகர் வரைக்கும் அவளைத் திட்டிக்கொண்டே போனேன். அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் வாசு அண்ணன் இருமுவது கேட்கும். போய் எட்டிப் பார்க்க முடியாமல் உட்கார்ந்திருப்பேன்.

சில வாரம் கழித்து கிருபாகரன் சமுதாயக் கூடத்தில் கூட்டம் போட்டார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். லேபில் விசாரித்தாராம். அந்தப் பாட்டில் ஒவ்வொன்றிலும் முன்கூட்டியே சில சொட்டு ஆசிட் விட்டு அனுப்புவார்களாம். ஆசிட் இருந்தால்தான் அந்த உலோகம் தண்ணீரிலேயே நிற்கும், இல்லாவிட்டால் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொள்ளும், அளந்தால் குறைவாகக் காட்டும். திரும்பி வந்த எந்தப் பாட்டிலிலும் ஆசிட் இல்லையாம். ஆக யாரோ பாட்டிலை மாற்றியிருக்கிறார்கள், இதைத் தீர்ப்பாயத்தில் சொன்னால் கம்பெனி வசமாக மாட்டும், அந்தப் பொண்ணு ஸ்ரீதேவியையும் கூண்டில் ஏற்றலாம் என்றார். கூட்டம் கை தட்டியது. சிலர் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

பொன்னியக்கா எழுந்து நின்றாள். புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். பிறகு சொன்னாள்.

"யாரும் மாத்தலிங்க. நாந்தான் கய்வுனேன்."

நான் குக்கரை இறக்கப் போன நேரத்தில் ஒரு பாட்டிலைத் திறந்து முகர்ந்தாளாம். ஆசிட் நெடி. தினமும் பாத்ரூமில் ஊற்றுகிறவளுக்கு அது தெரியாதா? எத்தனை வருஷத்துக் கறையையும் அது தின்றுவிடும். தண்ணீரில் இருக்கிற விஷத்தையும் தின்னட்டும் என்றுதான் கம்பெனிக்காரன் காசு கொடுத்து அதை விட வைத்திருக்கிறான், போன தடவை லாரி, இந்தத் தடவை ஆசிட் என்று முடிவு கட்டிவிட்டாள். சட்டி சட்டியாக வெந்நீர் விட்டு, சோப்புத்தூள் போட்டு, ஒரு பாட்டில் விடாமல் தேய்த்துக் கழுவி, துணியால் துடைத்து, இருந்தபடியே அடுக்கி வைத்திருக்கிறாள். விஷத்தை நாம் காப்பாற்றிவிட்டோம் என்று இத்தனை நாளும் மனசுக்குள் தைரியமாக இருந்திருக்கிறாள். அதனால்தான் முடிவு வந்ததும், தனக்குப் பிறகு பெட்டியைத் தொட்ட என்மேல் பாய்ந்தாள்.

கூடத்தில் யாரோ சிரித்தார்கள். யாரோ அசிங்கமாகத் திட்டினார்கள். கிருபாகரன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் கேஸ் ஜெயித்திருக்கும் என்று பூபாலன் கத்தினார். ஜெயித்திருக்கலாம். ஸ்ரீதேவிக்கு வேலை போயிருக்கும், எனக்குக் காலனியில் பெயர் போயிருக்கும். அக்காவுக்குச் சந்தேகம் உண்டே தவிர பொய் கிடையாது. அன்று சாயங்காலம் என் வாசலில் வந்து நின்று, மீன் குழம்பு மிச்சம் கீதா என்று கேட்டாள். மன்னிப்பெல்லாம் அவளுக்கு அப்படித்தான் வரும். கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தேன். எந்த ஊர் மீன் என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

கிருபாகரன் நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தார். மறுபடி தண்ணீர் எடுக்கத் தீர்ப்பாயம் ஒத்துக்கொண்டது. ஆனால் குழு வருவதற்கு முன்னால், வாராது வந்த மாமணியாகப் புதுக் குடிநீர் லைன் வந்தது எங்கள் காலனிக்கு. வருஷக்கணக்காகக் கேட்டும் கிடைக்காதது, இரண்டே வாரத்தில் பள்ளம் தோண்டி, குழாய் பதித்து, மாலை போட்டுத் திறந்துவிட்டார்கள். இனிமேல் யாரும் அந்தக் கெட்ட தண்ணீரைக் குடித்துவிடக் கூடாது என்று பழைய போரில் கான்கிரீட் கொட்டி மூட வந்தார்கள். பொன்னியக்கா போர் வாய்மேல் உட்கார்ந்துகொண்டாள். இதற்கு என்ன இத்தனை அவசரம், யார் சொல்லி மூடுகிறீர்கள் என்று கேட்டாள். வந்தவர்கள் கலவையைக் கிளறிக்கொண்டே இருந்தார்கள். எங்கள் தெருப் பெண்களேதான் அவளைப் பிடித்து இழுத்து நகர்த்தினார்கள், பிள்ளைகள் நல்ல தண்ணீர் குடிப்பது உனக்குப் பொறுக்கவில்லையா என்று. அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. அந்தத் தண்ணீர் நிஜமாகவே நன்றாக இருந்தது.

குழு வந்தபோது எடுப்பதற்குப் பழைய தண்ணீர் இல்லை. கம்பெனி வேலியோர மண்ணை மட்டும் எடுத்தார்கள். கிருபாகரனும் ஸ்ரீதேவியும் அக்காவின் வீட்டில் உட்கார்ந்து விளக்கினார்கள், நானும் இருந்தேன். மண்ணில் அந்த உலோகம் இருக்கிறது என்று காட்டலாம், ஆனால் அது போர் வழியாக உங்கள் வயிற்றுக்குள் போனது என்று எதை வைத்துக் காட்டுவது? நீங்கள் குடித்தது நல்ல தண்ணீர்தான் என்று அவன் சொல்லுவான் என்றார் வக்கீல். ஸ்ரீதேவி ஏதோ யோசனையில், அது உடம்புக்குள் போனால் கிட்னியில் போய்த் தங்கிவிடும், இருபது வருஷமானாலும் லேசில் வெளியே போகாது என்று சொன்னது. சொன்னதும், படுத்திருந்தவரைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டது.

வாசு அண்ணன் மெல்ல எழுந்து சுவரில் சாய்ந்தார்.

"அப்போ பூமிக்குள்ள இருந்தத்தான் மூடிட்டாங்கோ. மிச்சம் என்னாண்ட கீது. எனுக்கு அப்பால எடுத்துப் பாருங்க."

அக்கா கையிலிருந்த தட்டை விசிறி எறிந்தாள். உன்னை அறுக்கவா நான் கேஸ் போட்டேன், செத்தாலும் எவன் கையிலும் கொடுக்கமாட்டேன், அங்கே எதை எடுத்து எதை வைப்பான்களோ என்று கத்தினாள். ஸ்ரீதேவி அழுதுவிட்டது. அண்ணன் மட்டும் பதறவில்லை.

"யாராச்சும் ஒருத்தர நம்பு மே. நம்ம ஒருத்தருக்கா கேக்கறோம்?"

மழைக்காலத்தில், டயாலிசிஸுக்குப் போன இடத்திலேயே அவர் போய்விட்டார். சொந்தக்காரர்கள் பிணத்தை வாங்க வண்டியோடு வந்துவிட்டார்கள். நோயில் போனவரை எதற்கு அறுப்பது, முழுசாக மண்ணுக்குப் போகட்டும் என்று அவருடைய தம்பி செல்வராஜ் அக்காவின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். கிருபாகரன் கோர்ட் அனுமதியோடு நின்றிருந்தார். சம்மதம் சொல்ல வேண்டியது மனைவி. பொன்னியக்கா ஸ்ரீதேவியைக் கூப்பிட்டாள். யார் எடுப்பார்கள், யார் கொண்டுபோவார்கள், அதுவரை எங்கே இருக்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அந்தப் பெண் பொறுமையாகப் பதில் சொன்னது. கடைசியில் அக்கா கையெழுத்துப் போட்டாள். அவர்கள் முடித்துப் பிணவறைக் கதவைத் திறக்கிறவரைக்கும் நனைந்த தரையில் கதவுக்கு நேராக உட்கார்ந்திருந்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. நான்தான் அவள் பங்கையும் சேர்த்து அழுதேன்.

கிட்னியில் காட்மியம் இருந்தது, இருக்கலாம் என்கிற அளவைப் போலப் பல மடங்கு. மண்ணையும் அதையும் சேர்த்து வைத்துப் பார்த்து, காலனியில் அத்தனை பேருக்கும் கம்பெனி செலவில் பரிசோதனையும் வைத்தியமும் செய்யவேண்டும், கழிவை நிறுத்தும்வரை கம்பெனியைத் திறக்கக்கூடாது என்று தீர்ப்பாயம் உத்தரவு போட்டது. நஷ்ட ஈட்டு விசாரணை இன்னும் நடக்கிறது. அன்றைக்குத் தெருவில் வெடி வெடித்தார்கள். பூபாலன் லட்டு கொண்டுவந்தார். நான் கிருபாகரனை ஓரமாகக் கூப்பிட்டு, முதல் தடவை பாட்டில் சரியாக இருந்திருந்தால் என்று கேட்டேன். அதுவே போதுமாயிருந்திருக்கும், உத்தரவு அப்போதே வந்திருக்கும், அவர் உடம்பைத் தொடவேண்டிய தேவையே இருந்திருக்காது என்றார். அக்காவிடம் சொல்லிவிடாதீர்கள் என்றும் சொன்னார்.

சொல்லவேண்டிய அவசியம் வரவில்லை. அவளே கணக்குப் போட்டுக்கொண்டு வந்தாள். மத்தியானம், நான் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எலனு, அன்னிக்கி பாட்டில கய்வாம நான் சும்மா இருந்திருந்தா, அவுர அறுத்திருக்க மாட்டாங்க, இல்ல?"

முறத்தைக் கீழே வைத்தேன். "இல்லக்கா. எப்டி இருந்தாலும் கேட்டுத்தான் இருப்பாங்க. வக்கீலே எங்கிட்ட சொன்னாரு."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது கேட்பாள் என்று காத்திருந்தேன். எப்போது சொன்னார், எங்கே வைத்துச் சொன்னார், கூட யார் இருந்தார்கள், ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிலை அவசரமாக மனசுக்குள் தேடிக்கொண்டிருந்தேன்.

அவள் ஒன்றும் கேட்கவில்லை.

"நீ சொன்னா சரிதான்" என்றாள். எழுந்து தன் வீட்டுக்குள் போனாள்.